பிளாட்பாரத்தில் நாலடி வழி

அல்லி அந்த ஸ்டேஷனில் ஒரே ஒரு முறைதான் ரயில் ஏறினாள். கல்யாணமான புதிதில், மாரிக்கண்ணுவோடு காரைக்கால் வரை. பெஞ்சில் இடமிருந்தும் தெற்குத்தெரு ஜோடிக்கு நகர்ந்து உட்கார ஒருவருக்கும் மனம் வரவில்லை. அதனால் ரயில் நின்றுபோனபோது அவள் வருத்தப்படவில்லை. தண்டவாளம் பெயர்க்கும் கூலிக்கு மாரிக்கண்ணுவே போனான்.

பிறகு ஓடுகள் போயின, கதவு போயிற்று. டிக்கெட் ஜன்னலின் கம்பி பண்ணை வைத்தியலிங்கத்தின் மோட்டார் கொட்டகையில் இருக்கிறது. அவன் அதோடு விடவில்லை. வருடத்துக்கு ஒரு முழம் வரப்பைத் தள்ளி ரயில் மேட்டை இரண்டு பக்கமும் தின்றான். தெற்குத்தெருவிலிருந்து சுடுகாட்டுக்கு அந்த மேடுதான் பாதை. பிளாட்பாரத்தை ஒட்டி அதுவும் மிச்சமில்லை. பிளாட்பாரத்தின் மேலே ஏறித்தான் அந்தப் பக்கம் இறங்க வேண்டும். அங்கேயும் குறுவை அறுத்தால் அவன் நெல் காயும்.

புரட்டாசியில் மாரிக்கண்ணு செத்துப்போனான். பெண்கள் தெருமுனையோடு நின்றார்கள். பாடை பிளாட்பாரத்தில் மறிக்கப்பட்டது என்று கேட்டதும் அல்லி மட்டும் ஓடினாள். மகன் ஆதவன் கொள்ளிச்சட்டியோடு நின்றிருந்தான்.

"வாய்க்கால் வழியா எடுத்துட்டுப் போங்கடா. வெத நெல்லு கெடக்குது, தெரியல?" என்றான் வைத்தியலிங்கம்.

"வாய்க்கால்ல இடுப்பளவு தண்ணி ஓடுது. பொணத்த நீந்தச் சொல்றீங்களா?" என்றாள் அல்லி. இத்தனை வருடமாய்ச் சொன்ன 'ஐயா' அன்றைக்கு வாயில் வரவில்லை.

"வாய் நீளுதா? நாளைக்கு என் வயல்ல காலை வையி, பாக்குறேன்."

"வயலு ஒங்களது. பிளாட்பாரம் ஒங்கப்பா கட்டுனதா?"

அந்த நெல்லை முந்தாநாள் பரப்பியது அவள்தான், அவனிடம் கூலிக்கு. அப்போது மாரிக்கண்ணு வீட்டில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். இந்த வழி வேண்டியிருக்கும் என்று எப்படித் தெரியும்?

சுவரில் சாய்ந்திருந்த நெல் தள்ளும் பலகையை எடுத்தாள்.

"தீட்டுக் கையால தொடாதடி!"

அவள் தள்ளினாள். பிடுங்க வந்த வைத்தியலிங்கம் ஒரு கை தூரத்தில் நின்றுவிட்டான். அவளைத் தொட்டால் அவனுக்கும் தீட்டு. நாலடி அகலத்துக்கு வெறும் சிமெண்டுத் தரை தெரிந்தது. பாடை போயிற்று. ஒரு நெல்மணிகூட மிதிபடவில்லை.

மேற்கே வானம் கறுத்துவிட்டது. பிளாட்பாரத்தில் அவர்கள் இருவர்தான்.

"சரி சரி, எல்லாத்தையும் குமிச்சுப் படுதாவப் போட்டுட்டுப் போ. நனைஞ்சா மொளைச்சிடும்."

அல்லி பலகையைக் கீழே வைத்தாள்.

"எனக்குத் தீட்டு. பதினாறு நாளு ஆவட்டும்."

அவன் பலகையைப் பார்த்தான், எடுக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குனிந்து, இரண்டு கையாலும் நெல்லை வாரத் தொடங்கினான். தூறல் விழுந்தது. அல்லி வேகமாக நடந்தாள். ஆதவன் திரும்புவதற்குள் வீட்டைக் கழுவிவிட வேண்டும்.