இடது பக்க விளக்கு

சர்க்கரை நோய் என் கண்களுக்குள் இறங்கிய வருடம், அப்பா விட்டுப்போன பழைய அம்பாசிடர் ஷெட்டில் பாதி வேலையோடு நின்றிருந்தது. இன்ஜினை நானே சரிசெய்துவிட்டேன். வெளி விளக்குகள்தான் பாக்கி. அதற்குள் வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் எங்கள் மலையூர் வாசலூர்பட்டிப் பனி மாதிரி ஒரு வெள்ளை மட்டும் மிஞ்சியது. இனிப் பார்வை திரும்பாது என்று சேலத்து டாக்டர் நிதானமாகச் சொன்னார்.

வண்டியை விற்றுவிடலாம் என்றேன். என் மனைவி ஒப்பவில்லை. அவளுக்குக் கார் ஓட்டத் தெரியும்.

"ஆஸ்பத்திரிக்கு பஸ்ல ஏறி எறங்க உங்களால முடியாதுங்க. லைட்டு மட்டுந்தானே? நீங்க சொல்லுங்க, நான் மாட்டறேன்."

அடிவாரத்துச் சேந்தமங்கலம் போய் பல்பும் ரப்பர் வளையமும் ஒயரும் வாங்கி வந்தாள். நான் பம்பர் அருகே முக்காலியில் உட்கார்ந்து, துருவேறிய விளக்கு வளையங்களை மடியில் வைத்து உப்புத்தாளால் தேய்த்தேன். சொரசொரப்பு எங்கே மிச்சம் என்று விரலுக்குத் தெரிந்தது. ஒயர்களின் நிறத்தை அவள் சொல்லுவாள்.

"இது செவப்பா காவியான்னு தெரியலீங்க. வெளுத்துப் போயிருக்குது."

அது எங்கிருந்து வருகிறது என்று இழுத்துப் பார்த்து முடிவு செய்வோம். பின்பக்கச் சிவப்பு விளக்குகள், இண்டிகேட்டர்கள், கடைசியாக முன்விளக்குகள். எல்லாம் மாட்டியபின் ஒரு முற்பகலில் சுவிட்சைப் போட்டாள்.

"எரியுதா?"

"எரியுதுங்க. ரெண்டும்" என்றாள்.

ஆசையாக எழுந்து போய்த் தொட்டேன். வலது விளக்கின் கண்ணாடி மெல்லச் சூடேறிக்கொண்டிருந்தது. வண்டியைத் தடவியபடி மறுபக்கம் போய் இடதில் கை வைத்தேன். சில்லென்றிருந்தது. வெகுநேரம் வைத்திருந்தும் சூடேறவில்லை.

"இது எரியல புள்ள."

"காத்தால இருந்து பாடுபட்டீங்க. மனசு ஒடஞ்சு போயிருவீங்கன்னுதான்..." என்றாள். "நாளைக்கு நானே பாத்துக்கலாம்னு இருந்தேனுங்க."

எனக்குப் பயம் வந்தது. இனி என் உலகம் முழுக்க அவள் வாய்வழியாகத்தான் வரவேண்டும். அதில் இரக்கம் கலந்துவிட்டால் நான் எதை நம்புவது? அன்று இப்படித் தெளிவாகச் சொல்ல வரவில்லை.

"எரியலைன்னா எரியலைன்னே சொல்லிரு. தாங்கிக்குவேன்" என்று மட்டும் சொன்னேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். டாக்டர் சொன்ன நாளில்கூட அவள் அழவில்லை.

மத்தியானம் மறுபடி கழற்றினோம். எர்த் ஒயர் வண்டியின் பாடியோடு சேரும் இடத்தில் துரு; அதனால் கரண்ட் பாயவில்லை. நான் சுரண்டினேன், அவள் முடுக்கினாள். சாயங்காலம் இடது கண்ணாடியும் கையைச் சுட்டது.

அடுத்த வாரம் கண் பரிசோதனைக்கு அவள்தான் ஓட்டினாள். மலை இறக்கத்தில் பனி மூடிக்கொண்டது.

"என்ன தெரியுது?" என்று கேட்டேன்.

"பக்கத்துல இருக்கற கல்லு மட்டுந்தானுங்க. எனக்குப் பயமா இருக்குது."

"அப்ப ஓரமா நிறுத்து."

இண்டிகேட்டரைப் போட்டு நிறுத்தினாள். பனி விலகும்வரை இருவரும் உள்ளேயே உட்கார்ந்திருந்தோம்.