நான்கு பிறந்தநாள் உயரம்

"கண்ணை மூடுங்க சார். நல்லா இறுக்கி மூடுங்க. ஓரக்கண்ணால பாத்தீங்கன்னா வேலை கெட்டுடும்."

வண்டி ஸ்டாண்டில் அசையாமல் நிற்கிறது. வந்தவர் இரண்டு ஃபுட்ரெஸ்ட்டிலும் காலை ஊன்றி, முழங்காலை லேசாக மடக்கி எழுந்து நிற்கிறார். தொங்கவிட்ட கைகளைக் கண் திறக்காமல் முன்னால் நீட்ட வேண்டும். கை தானாக எங்கே போய் நிற்கிறதோ அங்கே ஹேண்டில்பார் இருக்க வேண்டும். பெரும்பாலும் இருக்காது. "பாத்தீங்களா? கை ஒரு எடத்துல, வண்டி ஒரு எடத்துல. அப்புறம் முதுகு வலிக்குது, மணிக்கட்டு வலிக்குதுன்னா யார் மேல குத்தம்?" கேட்டுக்கொண்டே பட்டறைக்காரர் ஸ்பேனரை எடுத்துவிடுவார்.

மேடுபள்ளமான மண்பாதையில் எழுந்து நின்றபடியே மோட்டார் பைக் ஓட்டித் திரிகிற எங்கள் கூட்டத்துக்கு இவர் முழங்கையார். ஐம்பதைத் தாண்டிய ஒல்லி உடம்பு, சட்டைப்பையில் இரும்பு ஸ்கேல், காதில் சாக்பீஸ். யார் வந்தாலும் முகத்தைப் பார்க்க மாட்டார், முழங்கையைத்தான் பார்ப்பார். அது விலாவோடு ஒட்டியிருந்தால் ஸ்பேனர் முனையால் ஒரு தட்டு. "வெளிய வரட்டும் சார். கூட்டத்துல முண்டியடிச்சுப் போறப்ப எப்படி வெப்பீங்க? அப்படி." இரண்டு வருடமாக நானும் தட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

நான் வண்டி வாங்கியது நாற்பத்து மூன்றாவது வயதில். "நாற்பது வயசுல நாய்க்குணம்னு சும்மாவா சொன்னாங்க?" என்றாள் மனைவி. முதல் மாதமே முதுகு பிடித்துக்கொண்டது. எவனோ சொன்னான் என்று ஹேண்டில்பாரை நானே ஏகத்துக்கு உயர்த்திவிட்டேன். அடடா, என்ன சுகம்! நெஞ்சை நிமிர்த்தி நின்றுகொண்டு ஓட்டினேன். முதல் ஈரமண் திருப்பத்திலேயே முன்சக்கரம் வழுக்கியது. வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அப்படித்தான் இவரிடம் வந்து சேர்ந்தேன்.

"ஒசத்தி வெச்சா ராஜா மாதிரி நிக்கலாம் சார். ஆனா உங்க கனம் பூரா பின்னால போயிடும். திருப்பத்துல முன்சக்கரம் உங்க பேச்சைக் கேக்காது. தாழ்த்தி வெச்சா அது கேக்கும், உங்க முதுகு கேக்காது. நடுவுல ஒரு எடம் இருக்கு. ஆளுக்கு ஆள் அது வேற." ஹேண்டில்பாரின் வளைவும் அப்படித்தானாம். முனைகள் ரொம்பப் பின்னால் வளைந்திருந்தால் முழங்கை கீழே தொங்கும், மணிக்கட்டு திருகிக்கொள்ளும். ரொம்ப நேராக இருந்தால் தோள் இழுக்கும். பாரை இறுக்கிப் பிடித்திருக்கும் கிளாம்பைத் தளர்த்தி, அதை ஒரு நூல் முன்னால் உருட்டுவார், மறுபடி கண்ணை மூடச் சொல்வார். எல்லாம் சரியான பிறகு நம் கையைப் பிடியின் மேல் வைத்து, சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொரு விரலாக அவரே மடக்குவார். "முட்டையைப் பிடிக்கிற மாதிரி. ஒடையவும் கூடாது, விழவும் கூடாது."

பட்டறைச் சுவர் முழுக்க விழுந்து கோணிய ஹேண்டில்பார்கள் தொங்குகின்றன. ஒவ்வொன்றின் கீழும் சாக்பீஸில் காரணம் எழுதியிருப்பார். 'கல்.' 'அவசரம்.' 'வீடியோ எடுத்தது.' என்னுடையதன் கீழே 'நடுவயது' என்று இருக்கிறது. அழிக்கச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்துவிட்டேன். மனுஷன் அசையவில்லை.

மூலையில் துணி போர்த்திய ஒரு நீல வண்டி உண்டு. முதல் நாளே அதன்மேல் கையூன்றப் போனேன். "அதைத் தொடாதீங்க சார்," என்றார். குரலில் அதுவரை இல்லாத கடுமை. பிறகு தானே, "என் பொண்ணோடது," என்றார்.

மகள் வளர்ந்து ஓட்டட்டும் என்று, பள்ளிச் சீருடை எடுப்பதுபோல ஒரு சைஸ் பெரியதாக வாங்கிய வண்டி அது. பன்னிரண்டு வயதில் அவளுக்கு அதில் ஏறி நின்று ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த வருடமே புருஷன் பெண்டாட்டி பிரிந்தார்கள். மகள் அம்மாவோடு போய்விட்டாள், ஒன்பது மணி நேர பஸ் தூரம். பிரிந்த காரணத்தை நான் கேட்டதில்லை. கேட்டாலும் இவர் கிளாம்பைப் பற்றித்தான் பேசுவார். ஞாயிறுதோறும் போனில் பேசுகிறாள், அடுத்த லீவுக்கு வருகிறேன் என்கிறாள். லீவு வரும், கூடவே பரீட்சையோ காய்ச்சலோ வரும். நான்கு வருடம் இப்படியே போயிற்று.

ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் துணியை விலக்கி, கிளாம்புக்கு அடியில் ஒரு ஜோடி ஸ்பேசர் வைத்தார். விரல் கனத்தில் இரண்டு அலுமினியத் துண்டுகள், அவ்வளவுதான். அவள் வளர்ந்திருப்பாள், வந்ததும் ஏறி நிற்க வேண்டும், வண்டி அவள் கைக்கு வந்து நிற்க வேண்டும். இந்த ஒரு ஆசைதான் அந்த மனிதருக்கு.

ஆனால் எவ்வளவு வளர்ந்திருப்பாள்? முன்பின் தெரியாத ஆளைக் கண்ணால் பார்த்தே அளவு சொல்கிறவருக்குச் சொந்த மகளின் உயரம் தெரியவில்லை. ஒரு தடவை போனில் கேட்டாராம். "உன்னையே தாண்டிட்டேன் போப்பா," என்று சிரித்தாளாம். அதை அப்படியே நம்பிவிட்டார்! போன வருடம் ஒரு போட்டோ அனுப்பினாள். ஃபிரிட்ஜ் பக்கத்தில் சாய்ந்து நிற்கிறாள், இடுப்புக்குக் கீழே படத்தில் இல்லை. அதே மாதிரி ஃபிரிட்ஜைத் தேடி இவர் மூன்று கடை ஏறி இறங்கி, ஸ்கேலை வைத்து அளந்திருக்கிறார்.

"வாங்கப் போறீங்களான்னு கடைக்காரன் கேட்டான் சார். இல்லப்பா, என் பொண்ணை அளக்குறேன்னு சொன்னேன். தண்ணி குடிக்கிறீங்களான்னு கேட்டான்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்குப் போனதும் என் மகனைக் கதவோரம் நிறுத்தி அளந்து பார்த்தேன், அவன் என்னைப் பைத்தியம் என்றான்.

நான்காவது ஜோடி ஏறியதும் கேபிள் எட்டவில்லை. நீளமான கேபிள் வாங்கி மாற்றினார். வெளியாள் எவனாவது இந்த உயரத்தில் ஒரு வண்டியை ஓட்டி வந்திருந்தால் இவர் திட்டியே விரட்டியிருப்பார். ஊருக்குத்தான் உபதேசம். சொல்லத்தான் நினைத்தேன், வாய் வரவில்லை.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை போன் செய்தார். "சனிக்கிழமை வர்றா சார். காலைல வந்து சாயங்காலம் நாலு மணி பஸ்ல போகணுமாம், அவங்கம்மா சொல்லியிருக்கா. நீங்களும் வாங்க. தனியா இருந்தா எனக்குப் பேச்சு வராது."

போனேன். பட்டறை கூட்டிப் பெருக்கியிருந்தது. முகச்சவரம் செய்து இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டிருந்தார். தோளில் பையோடு அவள் உள்ளே வந்தபோது, முதல் தடவையாக அவர் ஒருவரின் முகத்தைப் பார்த்து நின்றதைக் கண்டேன். பிறகு பார்வை மெல்ல அவள் காலுக்கு இறங்கியது. தட்டையான கேன்வாஸ் ஷூ. அவள் தலை அவர் காது மட்டத்துக்குத்தான் இருந்தது.

"சாப்பிட்டியா பாப்பா?" என்றார்.

"ஆச்சுப்பா. ஐயோ, இன்னும் இதை வெச்சிருக்கியா!" என்று துணியை அவளே இழுத்தாள். அவர் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றினார். அவள் ஏறி நின்று, யாரும் சொல்லாமலே கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினாள். விரல்கள் பிடிக்குக் கீழே, வெறும் காற்றில் போய் நின்றன. கொஞ்ச நேரம் அங்கேயே தேடின.

கண்ணைத் திறந்தாள். "என்னப்பா இது, இவ்ளோ ஒசரம்?"

"நீதானே சொன்ன, என்னைத் தாண்டிட்டேன்னு."

"அது சும்மா சொன்னதுப்பா."

"அந்த ஃபிரிட்ஜ் போட்டோ?"

"அது அம்மாவோட ஹீல்ஸ் போட்டுக்கிட்டு." சொல்லிவிட்டு அவரைப் பார்த்தாள், சிரிக்க வந்தவள் சிரிக்கவில்லை. கிளாம்புக்கு அடியில் விரலைவிட்டு ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். நான்கு. புரிந்துகொண்டாள் என்று அவள் முகத்தில் தெரிந்தது. மெதுவாகச் சொன்னாள், "இப்படி வெச்சா திருப்பத்துல முன்சக்கரம் என் பேச்சைக் கேக்காதேப்பா."

அவருடைய வாக்கியம் அது. போகும்போது அதையும் எடுத்துக்கொண்டு போய், நான்கு வருடமாகக் கூடவே வைத்திருக்கிறாள். ஸ்பேனரை எடுத்தார், இரண்டு தடவை வைத்தும் போல்ட்டில் அது உட்காரவில்லை. நான் போய் வண்டியைப் பிடித்துக்கொண்டேன். ஒரு ஜோடி வெளியே வந்தது. கண்ணை மூடு, கையை நீட்டு. இன்னும் கீழே. இன்னொரு ஜோடி வந்தது. இந்தத் தடவை இரண்டு உள்ளங்கையும் பிடியின் மேலேயே போய் அமர்ந்தன.

"வளர்ற வயசுதான்," என்றார் கிளாம்பைப் பார்த்து. "வளந்தா மறுபடி போடணும்."

பட்டறைக்குப் பின்னால் உள்ள வெட்டவெளியில் அரை மணி நேரம் ஓட்டினாள். முதல் திருப்பத்தில் தடுமாறி, மூன்றாவதில் சரியாகிவிட்டாள். புழுதி எங்கள் மேல் வந்து விழுந்தது. "முழங்கையைப் பாத்தீங்களா சார், முழங்கையை?" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். பார்த்தேன். வெளியேதான் இருந்தது. அவர் முகத்தை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்றரைக்குக் கைகழுவிப் பையை மாட்டிக்கொண்டாள். மேஜைமேல் கிடந்த நான்கு அலுமினியத் துண்டுகளையும் அள்ளி உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். "இதை என்னப்பா பண்றது? பழைய சாமான் டப்பாவுல போட்டுடவா?"

அவள் நீட்டிய கையை அவர் இரண்டு கையாலும் ஏந்தி, அந்தத் துண்டுகளின் மேல் அவள் விரல்களைச் சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொன்றாக மடக்கினார்.