டயருக்கு அடியில் ஒரு கல்

நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த வருடம் அப்பா இறந்துவிட்டார். எனக்கு இருப்பது அம்மா மட்டும்தான். அப்பாவைப் போல வாடகை வண்டி ஓட்டலாம் என்று, காஜா பெராங்கில் ஒரு வியாபாரியிடம் பழைய ஜீப் பார்க்கப் போனோம். தன் ஊருக்கே திரும்பிப் போன வெள்ளைக்காரத் துரை விற்றது. தோல் சீட்டு பளபளத்தது. முன் டயருக்கு ஒரு கல் முட்டுக் கொடுத்திருந்தார்கள்.

“எதுக்குண்ணே கல்லு?”

“சும்மா பழக்கம்லா தம்பி. துரை வண்டி, பயப்படாத.”

எலுமிச்சம்பழம் நசுக்காமல் அம்மா பணம் தரமாட்டார். கற்பூரத் தட்டோடு வண்டிக்கு முன்னால் நின்றார். நான் கல்லை எடுத்துவிட்டுப் பழத்தை வைத்து, ஏறி வண்டியைக் கிளப்பினேன். பழம் நசுங்கியதும் பிரேக்கை மிதித்தேன். வண்டி நிற்கவில்லை. அம்மா தட்டைப் போட்டுவிட்டு ஒதுங்கினார். ஜீப் சுவரில் மோதி நின்றது.

வியாபாரி ஓடிவந்து, “கல்ல ஏன் தம்பி எடுத்த?” என்றார்.

வாங்காமல் வந்துவிட்டோம். இப்போது எந்தப் பழைய வண்டியானாலும் முதலில் டயருக்கு அடியில் குனிந்து பார்க்கிறேன். பூசைக்கு அம்மாவைப் பக்கவாட்டில்தான் நிற்கச் சொல்கிறேன்.