மூன்றாம் தலைமுறைக் குட்டி

பழைய கார் வாங்கும் ஆசை வந்தால் அந்தப் பகுதி ஆட்கள் முதலில் போவது பெயின்ட் கடைக்கு. கல்லாவில் இருக்கும் முதலாளி, வந்தவரின் முகத்தைப் பார்த்தே சுவருக்கு வண்ணமா, காருக்கு யோசனையா என்று கண்டுபிடித்துவிடுவார். யோசனைதான் என்றால் கட்டைவிரலால் பின்பக்கம் காட்டுவார். அங்கே, டப்பாவைப் போட்டுக் குலுக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு ஒருவர் நிறம் கலந்துகொண்டிருப்பார். எல்லாருக்கும் அவர் நோட்டக்காரர். இயற்பெயர் ஒன்று இருக்கத்தான் இருக்கிறது. அதை யாரும் தொந்தரவு செய்வதில்லை.

வெள்ளை நிறத்திலேயே பத்திருபது வெள்ளை பிரித்துச் சொல்லும் கண் அவருக்கு. எந்தக் கதவு கம்பெனியில் பூசியது, எந்தக் கதவு லாரிக்காரன் உரசிய பிறகு பூசியது என்று எதிர்ச்சாரியில் நின்றே சொல்லிவிடுவார். "இவ்ளோ வெள்ளை தெரியுது, ஃபிரிட்ஜுல பால் தீர்ந்துபோனது மட்டும் தெரியாது" என்பது அவர் மனைவியின் கட்சி.

எல்லா வண்டியையும் அவர் பார்க்கமாட்டார். அவருக்கு ஒரே ஒரு சின்னக் கார்தான் உலகம். கம்பெனி அதற்கு வாயில் நுழையாத பெயர் வைத்திருந்தது. தெருவில் அது குட்டி. இதுவரை நான்கு தலைமுறை வந்திருக்கிறது. நான்கையும் பற்றி, தன் மாமனார் வீட்டு ஆட்களைப் பற்றிப் பேசுகிற அதே உரிமையோடு அவர் பேசுவார்.

முதல் தலைமுறைக்கு நல்ல மனசு, மெல்லிய தோல். கதவைச் சாத்தினால் எவர்சில்வர் டப்பா மூடுகிற சத்தம். மேட்டில் ஏறும்போது ஏசியா, ஏற்றமா, இரண்டில் ஒன்று சொல் என்று நின்றுவிடும். இரண்டாம் தலைமுறைதான் அவரிடம் இருந்தது. ஆகவே மனித குலம் செய்த வண்டிகளின் உச்சம் அதுதான் என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. அளவான உடம்பு, அகலமான பின்கண்ணாடி, கையில் எடுத்தால் இன்ன பாகம் என்று தானே சொல்லும் பாகங்கள். மூன்றாம் தலைமுறை, கல்யாணத்துக்குப் பிறகு சதை போட்ட மாப்பிள்ளை. முகம் உப்பி, விளக்கைக் காதுவரை இழுத்துவிட்டு, பின்கண்ணாடியைச் சன்னலாகச் சுருக்கி வைத்திருக்கிறார்கள். நான்காவதைப் பற்றிக் கேட்டால், "அது சக்கரம் வச்ச செல்போன். நான் செல்போன் பார்க்கறதில்ல" என்று டப்பாவைக் குலுக்கப் போட்டுவிடுவார். அந்தச் சத்தத்தில் மேற்கொண்டு யாரும் பேச முடியாது.

இத்தனை ஆண்டும் அவர் பெயர் கெடாமல் இருந்ததற்கு ஒரு விதி காரணம். வாங்கப் போகிறவர் யாரென்று அவருக்குத் தெரியக் கூடாது. ஆள் பக்கத்தில் நிற்கக் கூடாது, பெயர் சொல்லக் கூடாது. "ஆளு பக்கத்துல நின்னா என் கண்ணு வண்டியப் பார்க்காது, அவங்க ஆசையத்தான் பார்க்கும்" என்பார். கேட்பது மூன்றே கேள்வி: எவ்வளவு உயரம், வண்டியை எங்கே நிறுத்துவார்கள், கூட யார் வருவார்கள். பதில்களை வாங்கிக்கொண்டு, தனியே போய்ப் பார்த்து, நடுவில் இருப்பவரிடம் தீர்ப்பைச் சொல்லிவிடுவார். அந்த நடு ஆள் பெரும்பாலும் அவருடைய மச்சினன்தான். மனைவியின் தம்பி, நாலு தெரு தள்ளி மெக்கானிக் ஷெட் வைத்திருந்தான்.

மனைவி ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பவர். நடக்க முடியாத நோயாளிகளின் வீட்டுக்கே போய் எடுக்கிற வேலை. யாருக்கும் அகப்படாத நரம்பு அவர் விரலுக்கு மட்டும் அகப்படும். ஊசியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற பெரியவர்கள், இவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சட்டைக் கையைச் சுருட்டத் தொடங்கிவிடுவார்கள். காலையில் கணவர் குட்டியில் அவரை வீடு வீடாகக் கொண்டுபோய் விடுவார். மனைவி மேலே போய் ரத்தம் எடுத்து வருவதற்குள் இவர் கீழே நிற்கிற கார்களைச் சுற்றிவந்து குறை எடுத்திருப்பார். அடுத்த வீடு போகும்வரை அவர் நரம்பைப் பற்றியும் இவர் பெயின்டைப் பற்றியும் பேசுவார்கள். இருவரும் ஒரே சமயத்தில் பேசுவதால் சண்டைக்கு நேரமிருக்காது.

வினை சுற்றுச்சாலைக்கு அந்தப் பக்கம் வந்த புதிய குடியிருப்புகளால் வந்தது. அங்கே நோயாளிகள் பெருகிவிட்டார்கள். கூடத்து மேலாளர் அந்தப் பக்கம் முழுவதையும் மனைவியிடமே கொடுப்பதாகச் சொன்னார். அடுத்த மாதம் முடிவதற்குள் சொந்த வண்டி வேண்டும், தானே ஓட்டவும் வேண்டும். இல்லையென்றால் அது ஒரு பைக் பையனுக்குப் போய்விடும். விடிவதற்கு முன் கிளம்பினால்தான் முடியும். திரும்புவதற்குள் பெயின்ட் கடை திறந்துவிடும். கணவரை நம்பிப் பயனில்லை. அந்தப் பையன் ஊசி குத்துவதை மனைவி ஒருமுறை பார்த்திருக்கிறார். மேலாளர் சொன்ன அன்றே ஓட்டுநர் பள்ளியில் சேர்ந்தார். ஐம்பது வயது தாண்டி, முதல் தேர்விலேயே தேறினார். கணவர் எத்தனையாவது தேர்வில் தேறினார் என்பது குடும்பத்துக்குள் பேசப்படுவதில்லை.

"உங்க வண்டியக் குடுங்க, நான் ஓட்டிக்கறேன்."

"அதோட கிளட்ச்சுக்கு என் கால்தான் பழக்கம்."

"ஊர்ல இருக்கற நரம்பெல்லாம் என் கைக்குப் பழகும், ஒரு கிளட்ச் பழகாதாக்கும்."

வேறு வண்டி பார்க்கலாம் என்று முடிவாயிற்று. யார் பார்ப்பது என்று தனியே முடிவு செய்ய வேண்டியிருக்கவில்லை.

மனைவி கண்டுபிடித்து வந்த முதல் வண்டிக்கு அடித்தகட்டில் துரு. இரண்டாவதில் ஓடிய தூரத்தைத் திருத்தியிருக்கிறார்களாம். மூன்றாவதன் ஹாரன் அகங்காரமாக இருக்கிறதாம். நான்காவதில் குறையே கிடைக்கவில்லை. வெகுநேரம் பானெட்டுக்குள் தலையை விட்டிருந்துவிட்டு, "இவ்ளோ சுத்தமா இருக்கே, ஏதோ மறைக்கிறான்" என்றார்.

மனைவி விற்பவருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்து காரில் உட்கார்ந்தார். சீட் பெல்ட்டை மாட்டினார். "வாங்குறவங்க மூஞ்சி தெரியக் கூடாதுன்னு ஊருக்கெல்லாம் சட்டம் போடறீங்களே. என் வண்டிக்கு மட்டும் அந்தச் சட்டம் எங்க போச்சு?"

"உன் மூஞ்சிய நான் எப்படித் தெரியாதுன்னு சொல்றது?"

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் காதல் வசனத்தை நம்பி யாரும் சுற்றுச்சாலையைத் தாண்ட முடியாது. மனைவி அன்று நரம்பைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. பெயின்டைப் பற்றி மட்டும் பேச்சு நடந்தது. அதுவும் ஒரு தரப்பாகவே.

நோட்டக்காரர் ஏன் எல்லா வண்டியையும் தட்டிக்கழித்தார் என்பதற்கு மூன்று விளக்கங்கள் உலவின. பயம் என்றாள் வெளியூரிலிருந்து போனில் பேசும் மகள். பொறாமை என்றான் மச்சினன். அக்கா முதல் தேர்விலேயே தேறியதை அவன் மறக்கவே இல்லை. மூன்றாவது விளக்கத்தை மனைவி மட்டும் வைத்திருந்தார், யாரிடமும் சொல்லவில்லை.

மேலாளரின் கெடு முடிய ஒரு வாரம் இருக்கும்போது மச்சினன் கடைக்குப் போன் செய்தான். "மாமா, ஒரு வண்டி பார்க்கணும். பார்ட்டி அவசரம்னு நிக்கறாங்க. ஆனா மூணாவது தலைமுறை, பரவாயில்லயா?"

"என் வாயக் கிளறாத மாப்ளே. ஆளு உயரம்?"

"குள்ளம் மாமா."

"எங்க நிறுத்துவாங்க?"

"தெருவுலதான்."

"கூட யாரு வருவாங்க?"

மறுமுனையில் கொஞ்சம் இருமல் கேட்டது. "யாரும் வரமாட்டாங்க. தனியாத்தான் போவாங்க, பாவம்."

வண்டியின் சொந்தக்காரர் ஊர் மாறிப் போகும் பல் டாக்டர். நோட்டக்காரர் வந்ததும் வராததுமாக ஒவ்வொரு தகட்டையும் விரல் முட்டியால் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். "வலிக்குதான்னு கேட்டுக்கிட்டே தட்டுங்க, அதுதான் முறை" என்றார் டாக்டர். நோட்டக்காரருக்குச் சிரிக்க நேரமில்லை. இடது பின்கதவு மறுபூச்சு. பூசியவன் நல்லவன், ஆனால் அவசரக்காரன். டிக்கியின் விரிப்பைத் தூக்கிக் கையை வைத்தார்: ஈரம். டிக்கிக் கதவோரத்து ரப்பர் போயிருந்தது. டயர் இரண்டு மாற்ற வேண்டும். இதையெல்லாம் முகத்தில் ஒன்றும் காட்டாமல் மனதில் போட்டுக்கொண்டார்.

பிறகு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, யாரோ ஒரு குள்ளமான ஆளாக மாறினார். இடுப்பைச் சரித்து, தோளை இறக்கி, தலை ஸ்டியரிங் மட்டத்துக்கு வரும்வரை கீழே வழிந்தார். அவர் உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்று டாக்டர் தண்ணீர் எடுக்க உள்ளே ஓடினார். நோட்டக்காரர் இருக்கையை முன்னே தள்ளி, நெம்புகோலைப் பிடித்து உயர்த்தி, சாலை தெரிகிறதா என்று பார்த்தார். தெரிந்தது. இரண்டாம் தலைமுறையில் இருக்கை உயராது. குள்ளமானவர்கள் தலையணை போட்டுத்தான் ஓட்ட வேண்டும். இத்தனை வருடமும் இதை அவர் கவனிக்காமல் இல்லை. சொல்லத்தான் இல்லை.

ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, மரத்தடியில் நின்று மச்சினனைக் கூப்பிட்டார். "இடது பின்கதவு மறுபூச்சு. பூசினவன் நல்லவன், அவசரக்காரன். டிக்கி ரப்பர் மாத்தணும், ரெண்டு டயர் மாத்தணும், பெல்ட்டையும் ஒரு தடவ பார்த்துடு. மத்தபடி கண்ண மூடிக்கிட்டு வாங்கச் சொல்லு."

"மூணாவது தலைமுறைய நீங்களா மாமா சொல்றீங்க?"

"சதை போட்டா என்ன, மாப்பிள்ளை குணம் நல்லா இருக்கு. ஓட்டப் போறவங்க பயந்த சுபாவமா?"

"அவங்களுக்குப் பயமெல்லாம் இல்ல. கூட இருக்கற ஒருத்தர்தான் பயப்படுவாரு."

"அப்ப அந்த ஆள ஏத்தாமப் போகச் சொல்லு. பாதி விபத்து பக்கத்து சீட்டுலேர்ந்துதான் வருது."

மச்சினன் இந்த வார்த்தையை இரண்டு முறை சொல்லச் சொன்னான். சரியாகக் கேட்கவில்லையாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பால் வாங்கப் போனவர் தெருமுனையில் திரும்பி வரும்போது தன் வீட்டு வாசலில் அந்த வண்டி நின்றது. டிக்கி ரப்பர் புதிதாகக் கறுத்துப் பளபளத்தது. உள்ளே இருக்கை, அவரே தள்ளி உயர்த்திவைத்த அதே இடத்தில். அதில் மனைவி உட்கார்ந்திருந்தார், நேராக, தலையணை இல்லாமல். பக்கத்தில் மச்சினன் தன் பங்குக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

நோட்டக்காரர் ஒரு சுற்று சுற்றினார். வாயைத் திறந்தார்.

"இடது கதவு மறுபூச்சு" என்றார் மனைவி. "பூசினவரு நல்லவரு. அவசரக்காரரு."

மூடினார். இன்னொரு சுற்று சுற்றினார். தன் தீர்ப்பில் ஓட்டை கண்டுபிடிப்பதென்றால் தன் பெயரில் ஓட்டை போட வேண்டும். இத்தனை பேருக்கு வண்டி பார்த்துக் கொடுத்த மனிதர் மரத்தடியில் சொன்னது தப்பு என்று எந்த வாயால் சொல்வது? பால் பாக்கெட் கையில் வியர்த்தது.

"மாப்ளே, நீ உள்ள போய்க் காப்பி போடு" என்று அவனை அனுப்பினார். சன்னல் பக்கம் குனிந்தார். "பாரு, வண்டி நல்ல வண்டிதான். நான் இல்லன்னு சொல்லல."

"சரி."

"காலைல நான் என்ன பண்றது?"

மூன்றாவது விளக்கம் இதுதான். மனைவிக்கு அது முதலிலிருந்தே தெரியும். அவர் வாயாலேயே வரட்டும் என்றுதான் காத்திருந்தார். வந்துவிட்டது. "தூங்குங்க" என்றார். சொன்ன பிறகு அது கொஞ்சம் கடுமையாகப் பட்டது போலும். கையை நீட்டிப் பால் பாக்கெட்டை வாங்கிப் பக்கத்து இருக்கையில் வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை இருட்டிலேயே வண்டி கிளம்பியது. நோட்டக்காரர் லுங்கியோடு தெருவில் நின்று, பின்னால் வா, போதும், ஒடி, ஒடி என்று இரண்டு கையாலும் காட்டினார். மனைவி கண்ணாடியைப் பார்த்துத் தானே எடுத்துக்கொண்டு போனார். பின்விளக்கு முனையில் திரும்பி மறைந்த பிறகும் அவர் கை மேலேயே இருந்தது. எதிர்வீட்டுக்காரர் அதைக் குட்மார்னிங் என்று நினைத்துப் பதிலுக்குக் கையசைத்தார்.

அன்று பெயின்ட் கடையை முதலாளிக்கு முன்னால் வந்து திறந்தது அவர்தான். கலந்த நிறமெல்லாம் ஒரு சொட்டு தூக்கலாகவே வந்தது. சுற்றுச்சாலைப் பக்கத்தில் அத்தனை வீட்டுக்கும் போய்வந்த மனைவி, மதியம் கடை வாசலில் வண்டியை நிறுத்தினார். அவசரமாக ஒன்றும் இல்லாத குரலில் சொன்னார்: "என்னங்க, வேகம் குறைக்கும்போது ஏதோ ஒரு சத்தம் வருது."

கண்ணாடி நெற்றியிலிருந்து மூக்குக்கு இறங்கியது. "எந்தப் பக்கம்?"

"சொல்லத் தெரியல. உக்காந்து கேட்டாத்தான் தெரியும்."

முதலாளி கட்டைவிரலால் வெளியே காட்டினார். நோட்டக்காரர் பக்கத்து இருக்கையில் ஏறி, கண்ணை மூடி, காதைத் தீட்டிக்கொண்டார். மனைவி கியர் மாற்றினார், வேகம் எடுத்தார், குறைத்தார். சந்தைத் தெருவைத் தாண்டினார்கள். அன்று காலையில் யாருக்கு நரம்பு கிடைக்கவில்லை, கடைசியில் எந்த விரலுக்குக் கிடைத்தது என்று மனைவி சொல்லிக்கொண்டே ஓட்டினார். எதிரே வந்த பச்சைக் காரின் பச்சை கம்பெனிப் பச்சை இல்லை என்று இவர் சொன்னார். கண்ணை மூடியிருந்தவருக்கு அது எப்படித் தெரிந்தது என்று மனைவி கேட்கவில்லை.

"கேட்குதா?"

பெல்ட், பிரேக், சக்கரம், எல்லாம் வாயை மூடிக்கொண்டு ஒழுங்காக ஓடின. வண்டியில் ஒரு சத்தமும் இல்லை என்பது பெயின்ட் கடை தாண்டிய முதல் வளைவிலேயே நோட்டக்காரருக்குத் தெரிந்துவிட்டது.

"இன்னும் சரியாப் பிடிபடல" என்றார். "கொஞ்ச தூரம் போ, பார்ப்போம்."