பதிமூன்றாவது ஊசி

"லாபம்… ரெண்டு… மூணு… கோணையா, நீ எங்கடா ஒளிஞ்சே? வா. நாலு."

சாயங்காலம் ஐந்து மணி ஆனால் லாபத்தம்மா ஊசிகளை எண்ண உட்கார்ந்துவிடுவார். ஒன்று என்று அவர் வாயில் வராது, ஒன்றுக்கு லாபம்தான். அவருடைய அப்பா தானியக் கடையில் அளந்து போட்டவர். முதல் படியை லாபம் என்று சொல்லித்தான் கொட்டுவாராம். மகளுக்கு வந்து சேர்ந்த சொத்து அந்த ஒரு சொல். அதுவே பெயராகவும் ஒட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர்கூட, "லாபத்தம்மாகிட்ட குடுத்துத் தைச்சு வாங்கு" என்றுதான் சொல்லுவார்.

அந்த ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், துணி துவைக்கும் மெஷினுக்குப் பக்கத்து அறை அவருடையது. கிழிந்த படுக்கை விரிப்பு, நாடா அறுந்த ஆபரேஷன் அங்கி, வாய் பிரிந்த தலையணை உறை எல்லாம் அங்கே வந்து சேரும். மொத்தம் பன்னிரண்டு ஊசிகள். மஞ்சள் துணியில் அவரே தைத்த பஞ்சு மெத்தையில் குத்தியிருக்கும். கொஞ்சம் வளைந்தவன் கோணையன். கண் பெரிதாக இருப்பவன் முழியன். பன்னிரண்டும் சரியாக இருந்தால், "எல்லாரும் வந்தாச்சு, தூங்குங்க" என்று டப்பாவை மூடிவிட்டுக் கையெடுத்துக் கும்பிடுவார். நோயோடு வந்து படுக்கிறவர் முதுகில் தன் ஊசி ஒன்று ஏறிவிட்டால் அந்தப் பாவத்தை எங்கே போய்க் கரைப்பது என்பது அவருடைய பயம்.

மூக்குக் கண்ணாடி எப்போதும் கழுத்துக் கயிற்றில்தான் தொங்கும், மூக்கில் ஏறாது. "எனக்குக் கண்ணு விரல்ல இருக்கு" என்பார். விரலில் ஊசி குத்தினால் அந்த விரல் தானாக வாய்க்குப் போகும். பேச்சுக்கூட நிற்காது. இருபத்திரண்டு வருஷப் பழக்கம் அது.

அந்தப் பழக்கம்தான் ஒரு வெள்ளிக்கிழமை அவரை மாட்டிவைத்தது.

துவைக்காத துணி அவர் மேஜைக்கு வரக்கூடாது என்பது விதி. அன்றைக்கு வார்டிலிருந்து யாரோ அவசரத்தில் ஒரு தலையணை உறையை நேராகக் கொண்டுவந்து போட்டுவிட்டார்கள். மடிப்பைப் பிரித்தபோது சுருக்கென்று குத்தியது. விரல் வாய்க்குப் போனது. இன்னொரு கை, குத்தியதை எடுத்துப் பஞ்சு மெத்தையில் சொருகியது. தலையில் பச்சைப் பாசிமணி வைத்த குண்டூசி மாதிரி மங்கலாகத் தெரிந்தது. "விருந்தாளியா? இரு, இரு" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார்.

மத்தியானம் போன் வந்தது. தங்கை மகளுக்குப் பிரசவ வலி. ஊசியை எண்ணாமலே ஓடினார். இருபத்திரண்டு வருஷத்தில் எண்ணாமல் போனது அந்த ஒரு நாள்தான். அன்று ராத்திரி பேத்தி பிறந்தாள். சனியும் ஞாயிறும் குழந்தை இவர் மடியில்தான் கிடந்தது. உச்சந்தலையிலும் உள்ளங்காலிலும் எத்தனை முத்தம் கொடுத்தார் என்பதற்கு மட்டும் அவரிடம் எண்ணிக்கை இல்லை.

திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு அறையைத் திறந்ததும் விட்டுப்போன எண்ணிக்கையை முடிக்க உட்கார்ந்தார். பத்து, பதினொண்ணு, பன்னிரண்டு. அப்புறமும் ஒன்று நின்றது.

கண்ணாடியை மூக்கில் ஏற்றிப் பார்த்தார். பச்சைப் பாசி இல்லை அது, பிளாஸ்டிக். நடுவில் ஓட்டை. நுனி சாய்வாக வெட்டியிருந்தது. நோயாளிக்குப் போடுகிற ஊசி.

மாடி வார்டு சிஸ்டர் அவருக்கு மகள் மாதிரி. அவரிடம் போய், ஏதோ பொத்தான் அறுந்ததைச் சொல்வதுபோல் சொன்னார். சிஸ்டரின் முகம் மாறியது.

"குத்தினதும் சோப்புப் போட்டுக் கழுவினீங்களா?"

"வாயில வெச்சேன்."

"வாயில வெச்சீங்களா? ஏம்மா இப்படி?"

"எப்பவும் வெக்கிறதுதானே."

சிஸ்டர் அவரை உட்காரவைத்து மெதுவாகச் சொன்னார். அந்த ஊசி யாருக்குப் போட்டது என்று தெரியாது. ஹெச்.ஐ.வி. உள்ளவருக்குப் போட்டதாக இருந்தாலும் ஒட்டிக்கொள்கிற வாய்ப்பு மிகவும் குறைவு. ஆனாலும் தடுக்க மாத்திரை இருக்கிறது. குத்தியதிலிருந்து எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும்.

"எப்பக் குத்திச்சு?"

"டீ வந்தப்ப. பதினோரு மணி." லாபத்தம்மா விரலை மடக்கினார். "வெள்ளி பதினொண்ணுலேருந்து சனி பதினொண்ணு, லாபம். ஞாயிறு ரெண்டு. திங்கள்…" மூன்றைச் சொல்லவில்லை. சுவரில் மணி ஒன்பது ஆகப்போகிறது. "சிஸ்டர், நான் குழந்தைக்கு முத்தம் குடுத்தேனே."

"முத்தத்துல ஒண்ணும் வராதும்மா. நிச்சயமா வராது. முதல்ல நீங்க கிளம்புங்க."

ஆபீசில் மாத்திரை கேட்டதற்கு, மேனேஜர் பன்னிரண்டு மணிக்குத்தான் வருவார், எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார்கள். எதிரே இருந்த மருந்துக் கடையில் ஒரு மாதத்து மாத்திரைக்குச் சொன்ன விலை அவருடைய ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டியது. அதுவும் நாளைக்குத்தான் வருமாம். சிஸ்டருக்கு வந்த கோபத்தில் தானே ஆட்டோவை நிறுத்தி, "அரசாங்க ஆஸ்பத்திரி. பின்பக்கம் பன்னிரண்டாம் நம்பர் ரூம். அங்க இது இலவசம்" என்று ஏற்றிவிட்டார். போகிற வழியெல்லாம் லாபத்தம்மா கடவுளிடம் நேரம் கேட்டுக்கொண்டே போனார்.

பன்னிரண்டாம் நம்பர் அறையின் வாசலில் வரிசை. ஹெச்.ஐ.வி. சிகிச்சைப் பிரிவு என்ற போர்டைப் படித்ததும் அவருக்குக் கால் கூசியது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். முன்னால் ஒரு லாரி டிரைவர், உதட்டுச் சாயம் கலைந்த ஒரு பெண், தலையைத் தூக்காத ஒரு கல்லூரிப் பையன். இவர்களோடு தன்னையும் சேர்த்து எண்ணிவிடுவார்களே என்று மனம் குன்றியது. மணி பத்தைத் தாண்டியது. முகம் வெளுத்து நின்றவரை அந்தப் பெண்தான் கவனித்தாள்.

"எப்போக்கா ஆச்சு?"

"வெள்ளிக்கிழமை, பதினோரு மணிக்கு."

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். "ஐயோ, நீங்க முன்னாடி போங்கக்கா. எனக்கு நேத்துதான். நேரம் கிடக்கு." டிரைவரும் ஒதுங்கி வழிவிட்டார். பையன் எழுந்தே நின்றுவிட்டான்.

உள்ளே மேஜைக்குப் பின்னால் ஆலோசகர் ஒருவர், மகன் வயது இருக்கும். லாபத்தம்மா உட்காருமுன்பே இடுப்பிலிருந்து ஒரு குங்குமச் சிமிழை எடுத்து மேஜைமேல் வைத்துத் திறந்தார். பஞ்சுக்கு நடுவில் அந்தப் பதிமூன்றாவது ஊசி.

ஆலோசகர் நாற்காலியோடு பின்னால் போனார். "இதை ஏம்மா தூக்கிட்டு வந்தீங்க?"

"சாட்சிக்குத்தான் தம்பி. ஊசியாலதான் ஆச்சுன்னு நீங்க நம்பணுமில்ல."

அவர் கையுறை போட்டுக்கொண்டு, ஊசியைக் கெட்டியான மூடி போட்ட பெட்டிக்குள் தள்ளினார். அப்புறம் சொன்னார்: "இங்க யார்கிட்டயும் சாட்சி கேக்கறதில்லம்மா. எப்படி வந்தாலும் மாத்திரை ஒண்ணுதான்."

லாபத்தம்மா கதவிடுக்கு வழியாக வரிசையைப் பார்த்தார். முந்தானை தோளிலிருந்து தானாக இறங்கியது.

"முதல்ல மாத்திரை, அப்புறம் பேப்பர்" என்று ஆலோசகர் தம்ளரில் தண்ணீர் ஊற்றினார். மணி பத்து முப்பத்தைந்து. விழுங்கியபின் ரத்தம் எடுத்தார்கள். மஞ்சள் காமாலை வராமலிருக்க ஒரு ஊசியும் போட்டார்கள். "ஊசி குத்தினதுக்கு இன்னொரு ஊசியா? நல்ல நியாயம்" என்றார் லாபத்தம்மா. அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார்.

இருபத்தெட்டு நாள், ஒரு வேளையும் தவறக்கூடாது. ஆறு வாரத்தில் ஒரு பரிசோதனை, மூன்று மாதத்தில் ஒன்று. அதுவரை வீட்டுக்காரரோடு எப்படி இருக்க வேண்டும் என்பதையும் ஆலோசகர் விளக்கினார். ஆணுறையைக்கூட எடுத்துக் காட்டினார். லாபத்தம்மா அறையில் ஓடிய மின்விசிறியின் இறக்கைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்காரர் வாட்ச்மேன் வேலை பார்த்து ஓய்ந்தவர், அதிகம் பேசமாட்டார். இவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "மூணு மாசத்துக்கு நீங்க அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்" என்று முடித்தார்.

"இப்ப மட்டும் என்ன வாழுதாம்?" என்றார் அவர். கொஞ்ச நேரம் கழித்து, "மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டார். மறுநாளிலிருந்து பத்தரை மணிக்கு அவருடைய பழைய அலாரம் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் அடித்தது. காலையில் இவர் பையில் அதை வைத்து அனுப்புவது அவர் வேலை. முதல் வாரம் குமட்டலில் இவர் சோற்றைத் தள்ளிவைத்தபோது, "இந்த வயசுல மசக்கையா? ஊரு என்னைய இல்ல பேசும்" என்று எலுமிச்சம்பழத்தை நறுக்கிக் கொண்டுவந்து நீட்டினார்.

ஒவ்வொரு மாத்திரைக்கும் மேஜை விரிப்பின் ஓரத்தில் சிவப்பு நூலால் ஒரு தையல் போட்டார் லாபத்தம்மா. லாபத்தில் தொடங்கி இருபத்தெட்டில் முடிந்தது. வேலையிலும் ஒரு மாற்றம். கண்ணாடி இப்போது மூக்கில் இருக்கிறது. துவைக்காத துணி வந்தால், கொண்டுவந்தது டாக்டரே ஆனாலும் திருப்பி அனுப்புகிறார்.

குழந்தையைப் பார்க்க மட்டும் போகவில்லை. முத்தத்தில் வராது என்று சிஸ்டரும் சொன்னார், ஆலோசகரும் சொன்னார். தங்கை மகள் போன் போட்டு, "பெரியம்மா, என்மேல என்ன கோபம்?" என்று அழுதாள். "வேலை தலைக்குமேல கிடக்குடி" என்று சமாளித்தார்.

ஆறாம் வாரப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. மூன்றாம் மாதச் சீட்டை ஆலோசகர் நீட்டியபோது அவர் அதைப் படிக்கவில்லை, ஆலோசகர் முகத்தைப் படித்தார். அங்கிருந்து நேராகத் தங்கை வீட்டுக்குப் போனார்.

வாசல் குழாயில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். தங்கை மகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு தடவையும் கழுவினார். குழந்தையை மடியில் வாங்கினார். முத்தமிடக் குனிந்தவர் பாதியில் தயங்கி நின்றார். அதற்குள் அது அவருடைய விரலை எட்டிப் பிடித்தது. குத்துப்பட்ட அதே விரல். பிடித்து, நேராகத் தன் வாய்க்குள் வைத்துச் சப்பத் தொடங்கியது.

லாபத்தம்மா விரலை இழுத்துக்கொள்ளவில்லை.