அஷ்டமியில் இறங்கிய கயாக்

என் கணவர் மலாக்கா டவுனில் பிறந்து வளர்ந்தவர். அவர்கள் வீட்டு மாடியில் நின்றால் கடல் தெரியும். அப்படிப்பட்ட மனிதருக்குக் கடலில் மிதந்தால் தலை சுற்றி வாந்தி வரும் என்பது, கயாக் வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் அவருக்குச் சுங்கை ஊடாங் பக்கம் எண்ணெய் ஆலையில் வேலை கிடைத்து, நாங்கள் கடலோரக் கிளேபாங்கில் வீடு எடுத்திருந்தோம். ஆலைக்கு ஒப்பந்தத்தில் வந்திருந்த வெள்ளைக்கார இன்ஜினியர் ஒருவர் ஊர் திரும்பும்போது தன் கயாக்கை இவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். மஞ்சள் நிறத்தில் ஓராள் மட்டும் உட்காரும் பிளாஸ்டிக் படகு. கூடவே ஒரு துடுப்பு, ஒரு லைஃப் ஜாக்கெட். லோரியிலிருந்து அதை வாசலில் இறக்கியபோது, பிள்ளைகளைக் குளிப்பாட்டும் தொட்டியா என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இவர் மீசையை முறுக்கிக்கொண்டு அதில் ஏறிக் கொஞ்ச தூரம் போனார். திரும்பி வந்ததும் மணலில் மல்லாந்துவிட்டார். முகம் பப்பாளிக்காய் நிறத்துக்கு மாறியிருந்தது.

"எனக்கு இது சரிப்படாதுமா. யாருக்காச்சும் குடுத்துரலாம்."

"இருங்க, நான் ஒரு தடவ ஏறிப் பாக்கறேன்."

ஏறினேன், கவிழ்ந்தேன். மறுபடி ஏறினேன், மறுபடி கவிழ்ந்தேன். உப்புத் தண்ணீர் மூக்கில் ஏறிக் கண் எரிந்தது. கரையில் படுத்திருந்தவர் அந்த நிலைமையிலும் சிரித்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்துவிட்டால் நான் எடுத்த காரியத்தை விடமாட்டேன் என்பது என் பிறந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அவருக்கு அதுவும் அன்றுதான் தெரிந்தது. பொழுது சாய்வதற்குள், விழுந்தால் தண்ணீரில் இருந்தபடியே தவ்வி ஏறி உட்காரப் பழகிவிட்டேன்.

நான் ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். கல்யாணத்துக்கு முன்பு வரை பால் வெட்டப் போனவள். கடல் எனக்கு அந்நியம்தான், ஆனால் தூண்டில் அந்நியமில்லை. தோட்டத்துக் கால்வாயில் விரால் பிடிப்பதில் என் வயதுப் பையன்களே என்னிடம் தோற்றுப் போவார்கள். அதனால் அடுத்த வாரமே மீன் பிடிக்கும் ஏற்பாடுகள் தொடங்கின. இவர் பி.வி.சி. குழாயை அறுத்துத் தூண்டில் செருக இடம் கட்டிக் கொடுத்தார். பால்மாவு டின்னில் சிமெண்டைக் கொட்டிக் கம்பி வளையம் வைத்து நங்கூரம் செய்தார். பால் வெட்டும்போது கட்டுவது போலத் தலைக்குத் துணி கட்டி, மேலே தொப்பி வைத்து, அவருடைய பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு நான் கிளம்பினேன். அவர் மட்டும் கயாக்கின் பின்னால் நீளமான நைலான் கயிற்றைக் கட்டி, மறுமுனையைக் கையில் பிடித்துக்கொண்டு கரையில் நின்றார்.

"மாட்ட மேய விட்டுட்டு நிக்கிற மாதிரி நிக்கறீங்க," என்றேன்.

"மாடு தொலஞ்சா வேற வாங்கிக்கலாம்," என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்ததால் கொஞ்ச நாள் கயிற்றைப் பொறுத்துக்கொண்டேன்.

முதலில் தோட்டத்துப் பழக்கத்தில் மண்புழு தோண்டிக்கொண்டு போனேன். கடல் மீன்கள் அதை மதிக்கவே இல்லை. பிறகு பசாரில் இறால் வாங்கிக் கோர்த்தேன். உள்ளங்கை அகல கெலாமா மீன்கள் மாட்டின. வறுத்தால் ஒரு வேளைக்குக் கூடக் காணாது. ஆனாலும் நான் பிடித்த மீன்கள்.

இங்கே என் நாத்தனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இவருக்கு மூத்தவர், அம்மா இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர். டவுனில் துணிக்கடைக்காரரைக் கட்டியிருந்தார். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அவர் என்னை யாருக்கு அறிமுகப்படுத்தினாலும், "தம்பி பொண்டாட்டி, தோட்டத்துப் பொண்ணு" என்பார். பொய்யில்லை. ஆனால் அந்த இரண்டாவது பாதியைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கும். அந்த இறக்கம் எனக்குச் சுருக்கென்று தைக்கும்.

அண்ணிக்கு விரத நாட்கள் எல்லாம் மனப்பாடம். ஒவ்வொன்றுக்கும் முதல் நாள் போன் அடிப்பார். "நாளைக்கு அமாவாசை. மீன் கீன்னு வீட்டுல ஏத்திராத." பௌர்ணமிக்கும் அதே கட்டளைதான். அஷ்டமி நவமி வந்தால் வேறு எச்சரிக்கை. "புதுசா எதையும் ஆரம்பிக்காத. வெளங்காது." தோட்டத்திலும் இதெல்லாம் உண்டு என்பதால் நானும் மறுத்துப் பேசியதில்லை.

அமாவாசைக்கு மீனில்லை என்றால், அமாவாசைக்கு மறுநாள் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் நாக்கு மீனுக்கு அலையும். அப்படிப்பட்ட ஒரு மறுநாளில்தான் நான் கயிறு இல்லாமல் முதல்முறையாகத் தூரம் போனேன். இவர் காலை ஷிப்ட்டுக்குப் போய்விட்டார். தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு எழுந்து பழகிய உடம்பு எனக்கு, விடியும் முன்பே விழித்துக்கொள்ளும். நான் கயாக்கை இழுத்தபோது தண்ணீர் மணலைத் தொட்டுக்கொண்டு நின்றது. ஒரு தள்ளு தள்ளினேன், போய்விட்டது. அன்று கெலாமா நன்றாகக் கடித்தது. நேரம் போனதே தெரியவில்லை.

வெயில் உச்சிக்கு வரும் நேரத்தில் திரும்பினால், கரையைக் காணோம். கரை இருந்தது, எங்கோ தூரத்தில். நடுவில் இருந்த கடல்தான் இல்லை. கண்ணுக்கெட்டிய வரை பழுப்பு நிறச் சேறு பளபளவென்று கிடந்தது. கயாக் சேற்றில் உட்கார்ந்து அசைய மறுத்தது. கரையில் இளநீர்க் கடை வைத்திருந்த மலாய்க்கார அக்கா கையை வாயில் குவித்துக் கத்தினார். "ஜாங்ஙான் துருன்! துங்கு ஆயிர் நாயிக்!" இறங்காதே, தண்ணீர் ஏறும் வரை இரு என்கிறார். நல்ல யோசனைதான். இருந்திருப்பேன், அந்தக் கடைக்குப் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு என் அண்ணி நிற்பதைப் பார்க்காமல் இருந்திருந்தால்.

அதிரசம் சுட்டுத் தம்பிக்குக் கொண்டுவந்தவர், வீடு பூட்டியிருக்கவே தேடிக்கொண்டு வந்திருக்கிறார். அவர் பார்க்க நான் சேற்றுக்கு நடுவில் பொம்மை மாதிரி உட்கார்ந்திருப்பதா? இறங்கினேன். முழங்கால் வரை புதைந்தது. கயாக்கை இழுத்துக்கொண்டு, விழுந்து எழுந்து, செருப்புகளைச் சேற்றுக்குக் காணிக்கையாக்கிவிட்டு நான் கரை சேர்ந்தபோது, எல்லாக் கடைகளிலிருந்தும் ஆட்கள் வெளியே வந்து நின்றார்கள். என் உடம்பில் கண் மட்டும்தான் சுத்தமாக இருந்திருக்கும்.

அண்ணி என் பின்னாலேயே வீட்டுக்கு வந்தார். சாயங்காலம் தம்பி வந்த பிறகு சொன்னார்.

"ஊரே வேடிக்க பாக்குது. தோட்டத்துப் பொண்ணுக்குக் கடல் எதுக்குலா? அத்தானுக்குத் தெரிஞ்சவரு தஞ்சோங் கிளிங்ல ரிசார்ட் வச்சிருக்காரு, கயாக் கேட்டுக்கிட்டே இருக்காரு. அஷ்டமி நவமி கழியட்டும். தசமி நல்ல நாளு, லோரி வந்து எடுத்துட்டுப் போகட்டும்."

இவர் தரையைப் பார்த்தார். வளர்த்த அக்கா பேசினால் அவருக்கு நாக்கு எழும்பாது. எனக்கு எழும்பும்.

"தசமி வரைக்கும் கயாக் எங்க வாசல்லதானே இருக்கும் அண்ணி?"

"இருக்கும். அதுக்கு?"

"அதுக்குள்ள ஒரு தடவ போயிட்டு, போன மாதிரியே திரும்பி வந்து காட்டறேன். கையில மீனோட. வந்துட்டா லோரி வேணாம்."

அண்ணி சிரித்துவிட்டார். "சரி. கால்ல சேறு படாம வந்து காட்டு, பாக்கலாம்."

மறுநாள் முதல் வேலையாக ஒரு கட்டு மூங்கில் குச்சிகளைச் சீவினேன். ரப்பர் மரத்தில் வெட்டு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்க்கப் பட்டையில் குறி வைப்பார்கள். எனக்குத் தெரிந்த வழி அதுதான். தண்ணீர் வற்றியிருந்தபோது மணலிலிருந்து கடலைப் பார்த்து, சேற்றில் கால் போகும் வரை குச்சிகளை வரிசையாக நட்டுவைத்தேன். அன்று எல்லாக் குச்சிகளும் வெறும் சேற்றில் நின்றன. அவற்றுக்கு அப்பாலும் சேறுதான்.

அடுத்த நாள் அதே நேரத்துக்குப் போனால் தண்ணீர் இன்னும் வற்றி முடியவில்லை. காத்திருந்தேன். அதற்கடுத்த நாள் இன்னும் அதிக நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. எனக்கு உறைத்தது. மீன் பிடிக்க நான் எப்போதும் பெரட்டு நேரத்துக்கே போகிறேன். பெரட்டு தினமும் ஒரே மணிக்கு. கடல் நிலாவைப் பார்த்து வேலை செய்கிறது, நிலா எழும் நேரம் தினமும் தள்ளிப்போகிறது.

இன்னொன்றும் தெரிந்தது. நாள் போகப் போக, தண்ணீர் நன்றாக வற்றிய நேரத்திலும் கடைசிக் குச்சிகள் தண்ணீரிலேயே நின்றன. பிறகு நடுவில் இருந்தவையும் நின்றன. சுவரில் மாட்டிய நாட்காட்டியில் பஞ்சமி, சஷ்டி, சப்தமி என்று தாள் கிழியக் கிழிய, சேறு குறுகிக்கொண்டே வந்தது. அமாவாசையை ஒட்டிக் கடல் வெகுதூரம் ஏறி வெகுதூரம் ஓடுகிறது. நிலா பாதியாக இருக்கும் நாட்களில் சோம்பேறியாகக் கிட்டத்திலேயே புரள்கிறது. நாங்களோ அமாவாசைக்கு வாயைக் கட்டிவிட்டு, சேறு மிக அதிகமாக இருக்கும் மறுநாளாகப் பார்த்து மீனுக்கு ஓடியிருக்கிறோம். கிளேபாங் முழுக்கத் தேடினாலும் இப்படி நாள் பார்த்துச் சேற்றில் மாட்டுகிற குடும்பம் இன்னொன்று கிடைக்காது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

அப்படியானால் எனக்கு ஏற்ற நாள் எது? அஷ்டமி. விளங்காது என்று அண்ணி போன் போட்டுச் சொல்லும் அதே அஷ்டமி.

"அக்காவுக்குத் தெரிஞ்சா?" என்றார் இவர்.

"தெரியட்டும். நீங்களே போன் போட்டுச் சொல்லுங்க. கரையில வந்து நின்னு பாக்கச் சொல்லுங்க."

இவர் எழுந்து போய்ப் போனை எடுத்தார். அவர் அக்காவிடம் அப்படி ஒரு செய்தியைச் சொன்னது அதுவே முதல் தடவை. அந்த நிமிடம் அவரை நினைத்தும் எனக்குப் பெருமையாக இருந்தது.

அஷ்டமியன்று நான் பெரட்டு நேரத்துக்குப் போகவில்லை. சோறு வடித்து, துணி காயப்போட்டு, வெயில் ஏறிய பிறகு சாவகாசமாகப் போனேன். தண்ணீர் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. கயாக்கைத் தள்ளிக்கொண்டு போய் டின் நங்கூரத்தைப் போட்டேன். நீரோட்டம் இல்லாததால் கயாக் அடங்கி நின்றது. உயிர் இறாலைக் கோர்த்து அடியில் விட்டுக் காத்திருந்தேன். ஒன்றும் கடிக்கவில்லை. தசமியன்று லோரி வந்து நிற்பதும், அண்ணியின் குரல் இறங்குவதும் மனதுக்குள் ஓடின.

அப்போது தூண்டில் வளைந்தது. கெலாமா இழுக்கிற மாதிரி இல்லை. கையோடு பிடுங்கிக்கொண்டு போகிற இழுப்பு. நங்கூரக் கயிற்றில் சுற்றிவிடுமோ என்று பயந்து, ஒரு கையால் தூண்டிலைப் பிடித்து மறு கையால் டின்னைத் தூக்கிக் கயாக்கில் போட்டேன். மீன் என்னையும் கயாக்கையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. விட்டேன், இழுத்தேன், மறுபடி விட்டேன். கை மரத்துப்போன பிறகு அது பக்கவாட்டில் புரண்டு மேலே வந்தது. வெள்ளி நிறம், முகத்தடியில் மீசை போல நூல் நூலாகத் தொங்கும் செனாங்கின். என் கை நீளம் இருந்தது. மடியில் போட்டு இரண்டு காலாலும் அமுக்கிக்கொண்டு, ஆள் இல்லாத கடலில் கூவினேன். பால் காட்டில் ஒரு நிரையிலிருந்து இன்னொரு நிரைக்குக் கேட்கக் கூவுவோமே, அந்தக் கூவல். கரை வரை கேட்டதாம், இவர் பிறகு சொன்னார்.

திரும்பும்போது தண்ணீர் மணலைத் தொட்டுக்கொண்டு நின்றது. கயாக் வழுக்கிக்கொண்டு போய்க் கரையில் உட்கார்ந்தது. இளநீர்க் கடை அக்கா கைதட்டினார். கணவர் ஓடிவந்தார். அவருக்குப் பின்னால் குடையோடு அண்ணி. அவர் மீனைப் பார்க்கவில்லை. முதலில் என் காலைப் பார்த்தார். ஈர மணல் ஒட்டியிருந்தது, சேறு ஒரு துளி இல்லை.

"அஷ்டமியில போயா இத பிடிச்சே?"

"அஷ்டமியில போனதாலதான் அண்ணி."

குச்சிக் கணக்கு முழுவதையும் அங்கேயே நின்று சொன்னேன். அண்ணி கடைசி வரை கேட்டார். குனிந்து மீனின் செவுளை விலக்கிப் பார்த்தார், பசாரில் பார்ப்பது போல. "இப்படி பசார்ல கெடைக்காதுலா," என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, ரோட்டோரப் பொதுப் போனுக்கு நடந்தார். தன் வீட்டுக்காரரிடம் அவர் பேசியது எங்களுக்குக் கேட்டது. "லோரி வேணாம்னு சொல்லிருங்க. தம்பி வீட்டுல அது ஓடுது."

அன்று தலையைப் போட்டுக் குழம்பு வைத்தேன். தலையை அண்ணிக்கு வைத்தேன். ஒரு முள் விடாமல் உறிஞ்சிச் சாப்பிட்டார்.

பௌர்ணமிக்கு வழக்கம்போல் போன் வந்தது, வீட்டில் மீன் கூடாது என்று. நான் சரி என்றேன். அது கழிந்து ஒரு வாரத்தில் மறுபடி போன். அண்ணியின் குரலில் அவசரம் இருந்தது.

"நாளைக்கு அஷ்டமி. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு அண்ணி. புதுசா எதையும் ஆரம்பிக்க மாட்டேன்."

"அத யாரு கேட்டா? கடலுக்குப் போறியா இல்லியா? கோயில்ல எல்லாருகிட்டயும் சொல்லி வச்சிருக்கேன், எங்க தோட்டத்துப் பொண்ணு பிடிச்ச மீனுன்னு. எனக்கு ஒண்ணு எடுத்து வையி, தலையோட."

இந்த முறை அந்தக் குரல் எங்கேயும் இறங்கவில்லை.