வெள்ளிக்கிழமைக் காய்ச்சல்

நான் ஒரு நாளும் குடித்தவனில்லை. சவூதியில் இருந்தபோதும் இல்லை, ஊருக்குத் திரும்பிய பிறகும் இல்லை. ஆனாலும் இரண்டாயிரத்து நாலு, ஐந்தில் மரக்காணத்தில் யாரைக் கேட்டிருந்தாலும் சாக்குக்கடை பாய் குடிகாரர் என்றுதான் சொல்லியிருப்பார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு, ஆனால் குற்றம் சொல்ல முடியாது. வெளியாளாக நின்று என்னைப் பார்த்திருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எங்கள் கடை. உப்பளக்காரர்களுக்குக் கோணிச் சாக்கு, சணல், உப்புக் குவியலை மூடும் தார்ப்பாய், மீனவக் குப்பத்துக்காரர்களுக்கு நைலான் கயிறு. என் தகப்பனார், அத்தா, நடத்திய கடை. அத்தா இறந்த பிறகு கொஞ்ச காலம் பூட்டிக் கிடந்தது. சவூதியில் எனக்கு ஒரு கண் மங்கி, பிறகு இடது கால் மரத்துப்போய், கம்பெனி என்னை டிக்கெட் போட்டு அனுப்பிவிட்டது. ஊரில் கான்ட்ராக்ட் முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டு, கடையைத் திறந்து உட்கார்ந்தேன்.

பாண்டிச்சேரி டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மல்டிபிள் ஸ்கிலரோசிஸ் என்றார். உடம்பே தன் நரம்புகளின் மேல் உறையை அரித்துவிடுகிற வியாதி என்று விளக்கினார். முதலில் ஸ்டீராய்டு ஏற்றினார்கள், பிறகு அதையே மாத்திரையாகக் கொடுத்தார்கள். கண் தெளிந்தது. ஆனால் முகம் பூரி மாதிரி உப்பிவிட்டது. கடைக்கு வந்தவர்கள் எல்லாம், "சவூதி சாப்பாடு நல்லா ஒத்துக்கிச்சு போல, பாய் செழிப்பா இருக்கீங்களே" என்றார்கள். நானும் கூசாமல் சிரித்து வைத்தேன்.

அந்த மாத்திரை நாட்களின் பசியை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. சாப்பிட்டுக் கை கழுவும்போதே மறுபடி பசிக்கும். வீட்டில் அம்மா, என் மனைவி, கல்யாணத்துக்கு இருந்த என் தங்கை என்று மூன்று பெண்கள். அவர்கள் சாப்பிடாமல் இருக்கும்போதே சட்டியில் இருந்த மீனை எல்லாம் அள்ளிப் போட்டுக்கொண்டு சாப்பிட்டிருக்கிறேன். தங்கை வெறும் குழம்பை ஊற்றிக்கொண்டு எழுந்து போனாள். தண்ணீர் கொண்டுவர நேரமானது என்று மனைவி மேல் டம்ளரை வீசினேன். டம்ளர் அவள் மேல் படவில்லை. சத்தம் தெருவுக்குக் கேட்டிருக்கும்.

அதன் பிறகுதான் வாராந்திர ஊசி ஆரம்பித்தது. வியாதி மறுபடி மறுபடி தாக்காமல் இருக்க வாரம் ஒரு ஊசி, தொடையில். மெட்ராஸிலிருந்து வரவழைத்து பாண்டிச்சேரி மருந்துக்கடையில் கொடுப்பார்கள். சூடு படக்கூடாது. அதனால் மாதம் ஒரு முறை, ஐஸ் போட்ட பெரிய வாய் பிளாஸ்க்கைப் பையில் வைத்து மறைத்துக்கொண்டு பஸ்ஸில் போய் வருவேன். மறைத்துக்கொண்டு என்றுதான் நினைத்திருந்தேன். பஸ் குலுங்கும்போதெல்லாம் ஐஸ் கலகலவென்று சத்தம் போடும். பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்ப்பார், நான் ஜன்னலைப் பார்ப்பேன்.

ஊசி போட்டால் சில மணி நேரத்தில் குளிர் ஆரம்பிக்கும். பல் கிட்டி, எலும்பெல்லாம் வலித்து, நாள் முழுக்கச் சாக்கு தூக்கியவன் போலக் கிடப்பேன். மறுநாள் மதியம் வரை தலை நிமிராது. பாராசிட்டமால் போட்டால் கொஞ்சம் தணியும். எந்த நாள் போட்டுக்கொள்வது என்று டாக்டர் என்னையே முடிவு செய்யச் சொன்னார். நான் ரொம்ப யோசித்து வியாழக்கிழமை சாயங்காலம் என்று முடிவு செய்தேன். வெள்ளிக்கிழமை கடை லீவு, காய்ச்சலில் படுத்திருந்தாலும் ஒருவருக்கும் தெரியாது என்பது என் கணக்கு. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்கு ஊரே பள்ளிவாசலில் கூடும் என்பதும், அங்கே என் இடம் காலியாக இருந்தால் கடை பூட்டியிருப்பதைவிடப் பளிச்சென்று தெரியும் என்பதும் அந்த மேதாவித் தலையில் ஏறவில்லை.

சாயங்காலம் மனைவி அறைக் கதவைச் சாத்துவாள். பவுடரைத் தண்ணீர் மருந்தில் கலந்து, பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் தொடையைத் துடைத்து ஊசி போடுவாள். அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, நர்ஸ் செய்ததைப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். அந்த ஸ்பிரிட் வாசனை கதவிடுக்கு வழியாகக் கூடம் வரை போகும். தங்கையிடம் எங்களுக்குத் தெரிந்த ஒரே பொய்யைச் சொல்லி வைத்திருந்தோம், சத்து ஊசி என்று. சத்து ஊசி போட்டவன் மறுநாள் ஏன் கண் சிவந்து, உதறிக்கொண்டு படுத்திருக்கிறான் என்று அவள் கேட்கவில்லை. கேட்காததால் நம்பிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டோம்.

ஒரு சனிக்கிழமை உப்பளத்துக்குப் போனேன். எத்தனை தார்ப்பாய் வேண்டுமென்று பார்த்துச் சொல்ல ஒரு உப்பளக்காரர் கூப்பிட்டிருந்தார். நல்ல வெயில். சூடு ஏறினால் என் கால் என் பேச்சைக் கேட்காது. பாத்திகளுக்கு நடுவே வரப்பில் நடந்தேன், இரண்டு பக்கமும் தள்ளாடினேன். அப்போதுதான் மூத்திரம் முட்டியது. இந்த வியாதியில் அது சொல்லிக்கொண்டு வராது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை, கைலி நனைந்துவிட்டது. உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் கால் வழுக்கிப் பாத்திக்குள் விழுந்தேன். உண்மையைச் சொன்னால், அந்த விழுதலுக்கு நான் நன்றியோடு இருந்தேன், ஏனென்றால் உப்புத்தண்ணீரில் எல்லாம் ஒன்றாகிவிட்டது.

ஒருத்தி ஓடிவந்து கையைப் பிடித்துத் தூக்கினாள். "பாத்து பாய், இந்த வெயில்ல ஏன் இப்படி" என்றாள். மற்றவள் அவளை இழுத்து ஏதோ சொன்னாள். இருவரும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

விஷயத்தை வாய்விட்டுச் சொன்னவர் குப்பத்து மீனவர் ஒருவர். கயிறு வாங்க வருவார், நல்ல மனுஷர். அன்று கயிற்றைச் சுருட்டிக்கொண்டே குனிந்து, "பாய், ஒண்ணு கேட்டா கோச்சிக்க மாட்டீங்களே?" என்றார்.

"கேளுங்க."

"பாண்டிக்கு நீங்களே போய் ஐஸ் போட்டு எடுத்தாறீங்களாமே. எதுக்குங்க? நம்ம பசங்க தினம் போறாங்க, சொன்னா வாங்கியாந்து குடுத்துட்டுப் போறான். நீங்க போனா கெட்ட பேராயிடுது பாருங்க."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்துவிட்டேன். அவர் போன பிறகு வெள்ளிக்கிழமைகள், பிளாஸ்க், சிவந்த கண், தள்ளாடிய நடை எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக ஞாபகம் வந்தன. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே சாக்குக் கட்டின் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

வீட்டில் சொன்னபோது மனைவி, "இன்னிக்கே சொல்லிடலாங்க. நோய்னு சொல்றதுல என்ன வெக்கம்?" என்றாள்.

அம்மா அவளைப் பேசவிடவில்லை. "வீட்ல பொண்ணு இருக்குது. நரம்பு வியாதின்னா ரத்தத்துலயே இருக்குதும்பாங்க, இவளுக்கும் வரும்பாங்க. ஒருத்தன் வாசப்படி ஏறமாட்டான்" என்றாள். பிறகு என்னைப் பார்க்காமல், "குடிக்கிறவன் இன்னிக்கு இல்லன்னா நாளைக்குத் திருந்திடுவான்னு நெனப்பாங்க. நோயாளி எங்கப்பா திருந்துறது?" என்றாள்.

அவள் கல்மனசுக்காரி இல்லை. அதைச் சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் அவள் சொன்னது எனக்கு நியாயமாகப் பட்டது, அதுதான் எனக்கு அவமானம்.

அடுத்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து பள்ளிவாசல் ஜமாத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். எனக்குக் காய்ச்சல் உச்சத்தில் இருந்தது. போர்வையோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். கை உதறுவதை மறைக்கப் போர்வைக்குள் தொடை மேல் அழுத்தி வைத்துக்கொண்டேன், அப்போது ஊசி போட்ட இடம் அமுங்கி உயிர் போனது.

"உங்க அத்தா முன்வரிசையில நின்ன மனுஷன். ஜும்மாவுக்குக்கூட வராம இப்படிக் கெடக்கிறீங்களே" என்றார் பெரியவர். குரலில் திட்டு இல்லை, வருத்தம்தான் இருந்தது.

உள்ளறைத் திரைக்குப் பின்னால் அம்மாவின் கால் தெரிந்தது. "தப்புதாங்க. விட்டுடுறேன்" என்றேன். அவர் என் தலையில் கை வைத்து எனக்காக துஆ செய்தார். தலை கொதித்ததை அவர் கவனிக்காமல் இருந்திருக்க முடியாது. அதற்கும் அவர் ஒரு காரணம் வைத்திருந்தார் போலும்.

ஊசியை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக்கொண்டேன். ஜும்மாவுக்குப் போனேன். ஆனால் திங்கட்கிழமை கடை பூட்டியிருந்தது. ஜமாத்துக்குப் பயந்து நாளை மாற்றிக்கொண்டார் என்று பேசிக்கொண்டார்களாம். ஊர் வாயைப் பற்றி எனக்கு அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

இதற்கிடையில் பெரிய முதலியார்சாவடியிலிருந்து தங்கைக்கு ஒரு சம்பந்தம் வந்தது. பையன் நல்லவன், சொந்தமாக ஃபேன்சி ஸ்டோர். அண்ணன் குடிப்பாராமே என்று அவர்கள் காதுக்கும் போயிருந்தது. பொண்ணுதானே வரப்போகிறாள், அண்ணனா வரப்போகிறார் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு ஒத்துக்கொண்டார்கள். அம்மா என்னைப் பார்த்த பார்வையில், நான் சொன்னேனே என்பது இருந்தது.

பெண்ணுக்குத் தகப்பன் இல்லையென்றால் அண்ணன்தான் பொறுப்பு நின்று, மாப்பிள்ளையின் கையைப் பிடித்து அவளை ஒப்புக்கொடுக்க வேண்டும். அத்தா இறந்த நாளிலிருந்து எனக்கு இருந்த ஒரே ஆசை அதுதான். சவூதியில் வெயிலில் நின்றபோதும் அதை நினைத்திருக்கிறேன். கல்யாணத்துக்கு முந்தைய வாரம் தங்கை அம்மாவிடம் பேசியது கொல்லையில் நின்ற எனக்குக் கேட்டது.

"அண்ணே வேணாம்மா. சின்னத்தா நிக்கட்டும். அன்னிக்குப் போட்டுட்டு வந்து சபையில கை ஆடிச்சுன்னா நான் எப்படி அங்க போய் வாழறது?"

சின்னத்தா என்றால் அத்தாவின் தம்பி. மார்க்கப்படி தகுதியான அண்ணன் இருக்கும்போது அவர் நிற்கக்கூடாது. அண்ணன் தகுதியானவன் இல்லை என்று என் தங்கை நினைத்தாள். அம்மா பதில் சொல்லவில்லை, பக்கத்தில் இருந்த என் மனைவியும் சொல்லவில்லை. யாராவது ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்களா என்று நான் கொல்லைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிறகு உள்ளே போய் ஃபிரிட்ஜைத் திறந்தேன். முட்டைத் தட்டுக்குப் பின்னால் இருந்த மருந்துப் பெட்டியை எடுத்துத் தங்கையின் முன்னால் வைத்தேன். ஸ்பிரிட் பாட்டிலையும் பஞ்சையும் வைத்தேன். கைலியை முழங்காலுக்கு மேல் கொஞ்சம் ஏற்றி, தொடையில் சிவந்து தடித்துப் போயிருந்த இடங்களைக் காட்டினேன். தங்கையிடம் காட்டக்கூடாத இடம்தான். வேறு எப்படி நம்ப வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. வியாதியின் பெயரைச் சொன்னேன், சவூதியிலிருந்து ஏன் வந்தேன் என்பதையும் சொன்னேன்.

அவள் ஸ்பிரிட் பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். மூடி வைத்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என் காலையே பார்த்துக்கொண்டு, ரொம்ப மெதுவாக, "எனக்கும் வருமா?" என்றாள்.

"வராது" என்றேன். பரம்பரையாக வருவது அபூர்வம் என்றுதான் டாக்டர் சொல்லியிருந்தார், வரவே வராது என்று அவரும் சொல்லவில்லை.

பெட்டியை அவளே எடுத்துப் போய்ப் பழைய இடத்தில் வைத்தாள். திரும்பி வந்து, "நீங்களே நில்லுங்கண்ணே" என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆனா அவங்ககிட்ட இதச் சொல்லாதீங்க. குடிக்கிறீங்கன்னே இருக்கட்டும்."

சரி என்றேன். எனக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. அவள் பிடித்திருந்த கையை இழுத்துக்கொள்ளவும் மனம் வரவில்லை.

நிக்காஹ் ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் பள்ளிவாசலில். மனைவி ஈரத்துண்டைக் கழுத்தில் சுற்றி என்னைக் கடைசி நிமிஷம் வரை ஃபேனுக்கு அடியில் உட்கார வைத்திருந்தாள். மாப்பிள்ளையின் கையைப் பிடித்தேன். என் கை உதறியது, அவன் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். நிக்காஹ் நடத்திய ஹஜ்ரத் சொல்லிக் கொடுத்த வார்த்தைகளை நிதானமாக, ஒன்றுகூடப் பிசகாமல் திருப்பிச் சொன்னேன். சபையில் எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள்.

துஆ முடிந்து எல்லோரும் எழுந்து கட்டித் தழுவிக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் பெரியத்தா என்னிடம் வந்தார். நல்ல உயரமான மனுஷர். ஒரு தோள், மறு தோள் என்று தழுவினார். மூன்றாவது முறை விடவில்லை. அவர் முகம் என் வாய்க்குப் பக்கத்தில் வந்து நின்றது. மூச்சை மெல்ல உள்ளே இழுத்தார். என்ன செய்கிறார் என்று எனக்குப் புரிந்தது. சுற்றிலும் நின்றவர்களுக்கும் புரிந்திருக்கும், அவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள்.

அவருக்குச் சிரமம் வேண்டாமென்று நான் வாயைத் திறந்து நன்றாக ஊதினேன்.

அவர் முகம் தெளிந்தது. முதுகில் தட்டிக் கொடுத்தார். "இன்னிக்காவது சுத்தமா வந்தீங்களே, ரொம்ப சந்தோஷம்" என்றார்.

"நன்றிங்க" என்றேன்.